கைடு கையெழுத்து

ஒரு பி.எச்டி. மாணவி கொடுத்த புகார், இரண்டு பக்கம். அதில் ஒன்றேகால் பக்கம் கடற்புல் பற்றியது. எந்த மாதம் எந்த இடத்தில் மாதிரி எடுத்தார், எந்த மாதத் தரவு விட்டுப்போனது, அரையாண்டு அறிக்கை எத்தனை நாளாகக் கையெழுத்து இல்லாமல் கிடக்கிறது என்று வரிசையாக எழுதியிருந்தார். மீதி முக்கால் பக்கத்தில்தான் கைடு, அதாவது அவருடைய ஆராய்ச்சி வழிகாட்டிப் பேராசிரியர், வருகிறார். குழுவில் இருந்த ஒருவர் படித்துவிட்டு, "இது பாலியல் புகாரா, ஆராய்ச்சிப் புகாரா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் குழம்பினேன். கடைசியில் வழக்கைத் தாங்கி நின்றது அந்த ஒன்றேகால் பக்கம்தான்.

நான் ராமநாதபுரத்தில் பெண்களோடு வேலை செய்யும் ஒரு சிறிய அமைப்பில் இருக்கிறேன். மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களோடுதான் பழக்கம் அதிகம். ஒரு கல்லூரியின் பாலியல் புகார்க் குழுவில் வெளி உறுப்பினர் நாற்காலியும் எனக்கு உண்டு. விசாரணை நடக்கும் நாளுக்கு 200 ரூபாய் படி, போக்குவரத்துச் செலவு தனி என்று 2013ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதியிருக்கிறது. இந்த வேலைக்குப் பணத்துக்காக யாரும் வருவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, புகாரையும் விசாரணையையும் வெளியிடக் கூடாது என்கிறது. பெயரோ, முகவரியோ, ஆளைக் கண்டுபிடிக்கும்படியான வேறு விவரமோ இல்லாமல், கிடைத்த நீதியைப் பற்றிச் சொல்லலாம் என்றும் அதே பிரிவு இடம் விடுகிறது. அந்த இடத்துக்குள் நின்றுதான் எழுதுகிறேன். கல்லூரி, துறை, வருடம் எதுவும் வராது. சிலவற்றை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். 2023 மே மாதத்துக்குப் பிறகு நடந்தது என்பது மட்டும் தெரிந்தால் போதும், காரணம் பின்னால் வரும். மாணவியிடம் காட்டிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். அவர் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். இரண்டுமே கடற்புல் பற்றியவை.

மண்டபத்தில் நடந்தது

மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஊரில் தென்கடல், வடகடல் என்றால் போதும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் அது அப்படியே மாறும். இரண்டு கடலிலும் கடற்புல் எப்படி வளர்கிறது, எப்போது தேய்கிறது என்று மாதம் ஒருமுறை அளப்பதுதான் மாணவியின் பி.எச்டி. வேலை. வத்தை என்கிற சிறு படகில் போய், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருக்கும் புல்லை எண்ண வேண்டும். பன்னிரண்டு மாதம் விடாமல் எண்ணினால்தான் அது தரவு. ஒரு மாதம் விட்டுப்போனால் அடுத்த வருடம் அதே மாதம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

படகு, தங்கும் அறை, அனுமதி எல்லாமே கைடு கையில். வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஆய்வுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும், அந்தக் கடிதமும் கைடு வழியாகத்தான் போய் வரும். மாத வருகைச் சான்று, உதவித்தொகைப் படிவம், அரையாண்டு அறிக்கை, ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியின் குறிப்பு, செலவு ரசீது என்று ஒரு வருடத்தில் அவர் கையெழுத்து எத்தனை இடத்தில் தேவை என்று பின்னால் ஒருநாள் உட்கார்ந்து எண்ணினோம். இருபதைத் தாண்டியது. ஒரு அலுவலகத்தில்கூட ஒரே அதிகாரியிடம் இவ்வளவு மாட்டிக்கொள்ள மாட்டோம்.

பிப்ரவரி 11ஆம் தேதி நான்கு ஆய்வு மாணவிகளோடு கைடு மண்டபம் வந்தார். மறுநாள் காலை மூன்று பேரை ஆய்வக வேலை இருக்கிறது என்று கல்லூரிக்குத் திருப்பி அனுப்பினார். மீதியிருந்த ஒருவரோடு தென்கடலுக்குப் போனார். படகில் ஏற்றிவிடும் சாக்கில் தேவைக்கு மேல் தொட்டார் என்பது புகாரின் முதல் பகுதி. அன்று இரவு பத்தரை மணிக்கு, "டேட்டா பார்க்கணும்" என்று அறைக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கையைப் பிடித்துப் பேசிய பேச்சில் டேட்டா இல்லை. மாணவி கையை உதறிவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றார். அவர் போகும்வரை உள்ளே திரும்பவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். 13ஆம் தேதி வடகடலில் எடுக்க வேண்டிய மாதிரி எடுக்கப்படவே இல்லை.

அதன் பிறகு இரவுகளில் வாட்ஸ்அப் செய்திகள். "தூங்கிட்டியா டா", "உன் போட்டோ டிபி மாத்திட்ட போல" இந்த ரகம். மாணவி முதலில் "ஓகே சார்" என்று பதில் போட்டார், பிறகு அதையும் நிறுத்தினார். மார்ச்சிலிருந்து துணைக்கு ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டுதான் மாதிரி எடுக்கப் போனார். ஏப்ரலில் கையெழுத்துகள் நின்றன. ஜூலை 9ஆம் தேதி, அறிக்கையில் கையெழுத்துக் கேட்டு அனுப்பிய செய்திக்கு இப்படி ஒரு பதில் வந்தது: "பிப்ரவரியில நீ கொஞ்சம் புரிஞ்சு நடந்திருந்தா இன்னிக்கு இந்தக் கையெழுத்து எப்பவோ விழுந்திருக்கும்."

ஆகஸ்ட் 21ஆம் தேதி புகார் கொடுத்தார்.

பலகையில் இருந்த குழு

கல்லூரி ஊழியர்கள் இந்தக் குழுவை இன்னும் விசாகா கமிட்டி என்றுதான் சொல்வார்கள். விசாகா என்பது பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் என்று நினைப்பவர்கள் அதிகம். அது வழக்குத் தொடுத்த அமைப்புகளில் ஒன்றின் பெயர். ராஜஸ்தானில் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி 1992இல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். வேலையின் பேரில் போன இடத்தில் ஒரு பெண்ணுக்கு நேர்வதற்கு வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லையா என்ற கேள்வி அங்கிருந்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1997 ஆகஸ்ட் 13இல் வழிகாட்டு நெறிகள் வந்தன, 2013இல் சட்டம் வந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தனி விதிமுறைகளை 2016 மே மாதம் அறிவித்தது. மாணவிகளின் வழக்குக்கு இந்தக் கடைசி ஆவணம்தான் கைப்பிடி. ஆனால் இதை முழுதாகப் படித்த கல்லூரி நிர்வாகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் கல்லூரியிலும் அதே கதைதான். முதல்வர் அறைக்கு வெளியே பலகையில் குழு இருந்தது. ஆனால் அதில் ஒரு துறைத் தலைவர் உறுப்பினர். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் குழுவில் இருக்கக் கூடாது என்று யு.ஜி.சி. விதி வெளிப்படையாகச் சொல்கிறது. மாணவர் தொடர்பான புகார் என்றால் மூன்று மாணவர் பிரதிநிதிகள் வேண்டும், அவர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே நன்றாகப் படிக்கிற மூன்று பேரை நியமித்திருந்தார்கள். அதில் ஒருவர் அதே கைடின் ஆய்வகம்.

"இப்போதைக்கு இதை வைத்தே முடித்துவிடலாமே மேடம், பிள்ளைக்குச் சீக்கிரம் நியாயம் கிடைக்கும்" என்றார் முதல்வர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்படிப்பட்ட ஓட்டைக் குழு எழுதும் அறிக்கை மேல்முறையீட்டில் முதல் நாளே விழும் என்று தலைமை உறுப்பினரிடம் சொன்னேன். அவர் கணிதத் துறை இணைப் பேராசிரியர், அதிகம் பேசாதவர். மறுநாளே துறைத் தலைவரை விலக்கி ஆணை வாங்கினார், ஒரே மதியத்தில் வாக்குப்பெட்டி வைத்து மாணவர் தேர்தலை முடித்தார். ஐந்து நாள் போனது. போகட்டும் என்று விட்டோம்.

ஒன்பது நாள்

நான் இரவில் தூங்காமல் கணக்குப் போட்டது தேதிக்காகத்தான்.

சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வர முடியாத சூழல் இருந்தது என்று குழு நம்பினால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு இன்னும் மூன்று மாதம் கொடுக்கலாம். அதற்கு மேல் குழுவுக்கு அதிகாரம் இல்லை. பிப்ரவரி 12இலிருந்து எண்ணினால் மே 12, நீட்டித்தால் ஆகஸ்ட் 12. புகார் வந்ததோ ஆகஸ்ட் 21. ஒன்பது நாள் தாமதம். மண்டபத்து அறை மட்டுமே சம்பவம் என்றால் புகார் அங்கேயே முடிந்தது.

ஒன்றன்பின் ஒன்றாகச் சம்பவங்கள் நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அப்படியானால் ஜூலை 9 செய்தி ஒரு சம்பவமா? கைடு தன் பதிலில், கையெழுத்துப் போடாதது நிர்வாகம், அதற்கும் பாலியலுக்கும் சம்பந்தமில்லை, மாணவியின் வேலை திருப்தியாக இல்லை என்று எழுதியிருந்தார். குழுவில் இருவர் அதை ஏற்கத் தயாராகவும் இருந்தார்கள்.

அப்போதுதான் புகாரின் முதல் பக்கத்தைத் திரும்ப எடுத்தோம். ஏப்ரல் வரை எல்லா அறிக்கையிலும் "திருப்தி" என்று அதே கைடு எழுதியிருக்கிறார். பிப்ரவரி வடகடல் தரவு இல்லாத அறிக்கையிலும் "திருப்தி" என்றே இருக்கிறது, ஏன் அந்த மாதம் காலி என்று ஒரு கேள்வி இல்லை. ஆய்வின் ஆணிவேரே மாதத் தொடர்ச்சிதான் எனும்போது ஒரு கைடு அதைக் கேட்காமல் விட்டதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? காரணம் அவருக்கே தெரியும் என்பதுதான். ஜூலை செய்தியில் "பிப்ரவரியில" என்ற ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல் கையெழுத்தையும் அறையையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. சலுகை தருகிறேன் என்பதோ, கெடுதல் செய்வேன் என்று மிரட்டுவதோ பாலியல் நடத்தையோடு சேர்ந்து வந்தால் அதுவும் துன்புறுத்தலே என்று சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. கடைசிச் சம்பவம் ஜூலை 9 என்று குழு முடிவு செய்தது, காரணங்களை ஒன்றரைப் பக்கம் எழுதியும் வைத்தது.

அன்று அவ்வளவு எழுத வேண்டுமா என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. 2025 செப்டம்பரில் கொல்கத்தாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீதான புகாரில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்த ஒன்றரைப் பக்கம்தான் ஞாபகம் வந்தது. அங்கே கடைசித் துன்புறுத்தல் 2023 ஏப்ரல் என்று கொள்ளப்பட்டது, புகார் 2023 டிசம்பர் 26. பிறகு புகார்தாரரைப் பதவியிலிருந்து நீக்கியது போன்றவற்றைத் தனி நிர்வாக நடவடிக்கை என்று பார்த்து, புகார் காலம் கடந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. விசித்திரமான தீர்ப்புதான். எங்கள் வழக்கில் அந்த ஒரு சொல் மட்டும் இல்லாதிருந்தால் எங்கள் அறிக்கைக்கும் அதே கதிதான். மாணவிகளிடம் நான் இப்போது முதலில் சொல்வது, செய்திகளை அழிக்காதே என்பதுதான். அருவருப்பில் அழித்துவிடுகிறார்கள். புரிகிறது, ஆனாலும் அழிக்காதே.

விடுப்பு வேண்டாம், கையெழுத்து வேண்டும்

விசாரணை நடக்கும்போது மாணவிக்கு இடைக்கால நிவாரணம் கொடுக்கலாம். எல்லாரும் உடனே சொல்வது மூன்று மாத விடுப்பு. நல்ல எண்ணத்தில்தான் தலைமை உறுப்பினரும் அதைக் கேட்டார். மாணவி முதல்முறையாகக் குரலை உயர்த்தியது அங்கேதான்.

"லீவ் எடுத்தா மூணு மாசத் தரவு போயிரும் மேடம். தப்பு பண்ணினது அவரு, மாதிரி எடுக்காம உட்கார்ந்திருக்கப் போறது நானா?"

அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவரு ஜெயிலுக்குப் போகணும்னு நான் நினைக்கல அக்கா. என் பேப்பர்ல அவரு கையெழுத்து தேவைப்படாம இருக்கணும்."

யு.ஜி.சி. விதிமுறையில் இதற்கு நேரடியான ஒரு வரி இருக்கிறது. புகார்தாரரின் வேலையையோ தேர்வையோ மதிப்பிடுவதிலிருந்து எதிர்த்தரப்பைத் தடுத்து வைக்கலாம். என்னைக் கேட்டால் அந்த ஆவணத்திலேயே அதிகம் மதிப்புள்ள வரி அதுதான். கல்லூரியில் அதிகாரம் என்பது கை ஓங்கி அடிப்பதாக வருவதில்லை, ஒரு தாளை மேசையில் அப்படியே போட்டு வைப்பதாக வருகிறது. அந்தத் தாளை அவர் மேசையிலிருந்து எடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். தண்டனை பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டாம் அமர்விலேயே பரிந்துரை எழுதினோம். அதே துறையின் வேறொரு பேராசிரியை தற்காலிகக் கைடு. வருகைச் சான்றும் உதவித்தொகைப் படிவமும் இனி அவர் வழியாக. கிடப்பில் இருந்த அறிக்கையை டாக்டோரல் கமிட்டியின் மற்ற உறுப்பினர்கள் பார்த்து முடிவு செய்வது. தேங்கியிருந்த உதவித்தொகை மூன்றாம் வாரம் வந்து சேர்ந்தது. அன்று மாணவி முகத்தில் பார்த்த நிம்மதியைத் தீர்ப்பு நாளன்றுகூடப் பார்க்கவில்லை.

போலீசுக்குப் போகும் வழியும் திறந்தே இருந்தது. இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவின் 75ஆவது பிரிவு, 2024 ஜூலை 1க்கு முந்தைய சம்பவம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 354ஏ. விரும்பினால் உதவ வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று சொல்லி, படிவத்தையும் காட்டினோம். வேண்டாம் என்றார். அந்த முடிவு அவருடையது.

சமாதானம் பேச வந்தவர்களும் உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் மாணவியின் வீட்டுக்கே போயிருக்கிறார். கல்லூரித் தரப்பில் ஒருவர் படிப்புச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். பெண் தானாகக் கேட்டால் மட்டுமே சமரசம் பேசலாம், அப்போதும் பணத்தை அடிப்படையாக வைக்கக் கூடாது என்பது சட்டம். மாணவியின் அப்பா கடலுக்குப் போகிறவர். அவர் சட்டம் எதுவும் சொல்லவில்லை. "பிள்ளை என்ன சொல்லுதோ அதுதான் சாமி" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

டீசல் நோட்டு

கைடின் வாதம் இரண்டு. ஒன்று, நடந்ததாகச் சொல்லும் இடம் கல்லூரி வளாகம் இல்லை, நடுக்கடலும் வாடகை அறையும். இது நிற்கவில்லை. களப்பயணம், கல்விச் சுற்றுலா, முகாம், பயிற்சி, போய்வரும் வாகனம் எல்லாமே வளாகத்தின் நீட்சி என்று யு.ஜி.சி. விதி விளக்கியிருக்கிறது. வேலை நிமித்தமாகப் போகும் எந்த இடமும் பணியிடம் என்று 2013 சட்டமும் சொல்கிறது. வத்தையும் வளாகம்தான்.

இரண்டாவது வாதம் பலமானது. 12ஆம் தேதி நான்கு மாணவிகளும் இருந்தார்கள், நான்கு பேரும் அன்று இரவு அங்கேதான் தங்கினார்கள் என்றார். மற்ற மூன்று மாணவிகளை அழைத்தோம். ஒருவர் அவர் சொன்னபடியே சொன்னார். ஒருவர் ஞாபகமில்லை என்றார். மூன்றாமவர் அழுதார், ஒன்றும் சொல்லவில்லை. அவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. மூன்று பேரின் தாள்களும் அதே மேசையில்தான் இருந்தன.

படகுக்காரரைப் பார்க்க நானும் இன்னொரு உறுப்பினரும் மண்டபம் போனோம். அறுபதைத் தாண்டியவர். கடற்கரையில் வாடிக்கு முன்னால் வலையைப் பிரித்துக்கொண்டு இருந்தார். கல்லூரி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாரு வருசா வருசம் படகு எடுக்கிற ஆளு தாயி. நான் எதுக்கு அதுல?"

"நீங்க யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம் அண்ணே. அன்னிக்கு யார் யார் வந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவிதான் ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்து போட்டார். டீசல் கணக்கு நோட்டு. வாடகை, டீசல், ஆள் எல்லாம் அதில் உண்டு. பிப்ரவரி 11: "சார், பிள்ளைக 4." பிப்ரவரி 12: "சார், பிள்ளை 1. தென்கடல்." பிப்ரவரி 13: "வரல. அட்வான்சு 500 நிக்கிது."

"அந்தப் பிள்ளை கரைக்கு வந்தப்போ மொகம் செத்துப் போயிருந்துச்சு" என்றார் அந்த அம்மா. பாசி எடுக்கப் போகிறவர். பிறகு சற்று நேரம் கழித்து என்னிடம் தனியாகக் கேட்டார்: "படிக்கிற பிள்ளைகளுக்குக் கமிட்டி இருக்கு. பாசிக்கு எடை போடுறவன் கைய வச்சா நாங்க யார்ட்ட போறது?" கலெக்டர் ஆபீசில் உள்ளூர்க் குழு ஒன்று உண்டு, பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கும் முறைசாராத் தொழிலுக்கும் அதுதான், போவதற்கு நான் கூட வருகிறேன் என்றேன். "ராமநாதபுரம் வரைக்கும் போய்வர ஒரு நாள் பாசி போயிரும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நோட்டை நகல் எடுத்து கைடுக்கும் கொடுத்தோம். விடுதிப் பதிவேட்டின் நகலையும் சேர்த்தோம், அதிலும் மூன்று பேர் 12ஆம் தேதி காலையிலேயே அறையைக் காலி செய்திருந்தார்கள். குழுவில் சிலருக்கு அத்தோடு முடித்துவிடலாம் என்று அவசரம். 2023 மே 12 தீர்ப்பை எடுத்துக் காட்டியது அப்போதுதான். கோவா பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராக இருந்த ஒருவர் மீது 2009இல் மாணவிகள் புகார் கொடுத்தார்கள். குழு அவசர அவசரமாக விசாரித்து அறிக்கை கொடுத்தது, அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். தற்காப்புக்கு நியாயமான வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுபடி குழுவிடமே அனுப்பியது. பதினான்கு வருடம் கழித்து முதலிலிருந்து. யாருக்கு நஷ்டம்? மாணவிகளுக்குத்தான்.

அதனால் கைடுக்கு அவகாசம் கொடுத்தோம். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள விதி இடம் தரவில்லை, ஆனால் அவர் கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம், குழு படித்துக் கேட்கும். முப்பத்தொரு கேள்வி வந்தது. உடை, நண்பர்கள், ஊர்ப் பேச்சு பற்றிய ஒன்பதை நீக்கினோம், நீக்கிய காரணத்தையும் எழுதினோம். மிச்சத்தில் ஒன்று: "கதவைத் திறந்தது நீங்கள்தானே?"

"ஆமா. கைடு தட்டினா திறக்காம எப்படி?"

யாரும் உடனே அடுத்த கேள்வியைப் படிக்கவில்லை.

நல்லெண்ணத்தில் தைரியம் சொல்லக் கையைப் பிடித்தேன் என்று கடைசி அமர்வில் கைடு சொன்னார். அறைக்குப் போகவே இல்லை என்று முதல் பதிலில் எழுதியிருந்ததைத் தலைமை உறுப்பினர் எடுத்து வாசித்தார். எண்ணம் இருக்கட்டும், அந்த நடத்தை விரும்பத்தகாததா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு நிறுவன வழக்கில், செய்தவரின் நோக்கத்தைவிட அது பெண்ணுக்கு எப்படிப்பட்டது என்பதே முக்கியம் என்ற பொருளில் சொல்லியிருக்கிறது.

அறிக்கை

ஏழு அமர்வு, எழுபத்தொரு நாள். விதி சொல்லும் தொண்ணூறு நாளுக்குள் முடித்தோம்.

அறைச் சம்பவமும் செய்திகளும் கையெழுத்து மறுத்ததும் நிரூபணம் என்று எழுதினோம். படகில் தொட்டது நிரூபணம் ஆகவில்லை. படகுக்காரர், "அலை இருந்துச்சு, பிடிச்சுத்தான் ஏத்தணும்" என்றார், அதற்கு மேல் போக அவர் விரும்பவில்லை. மாணவிக்கு இதில் வருத்தம். நடந்தது எனக்குத் தெரியும் என்றார். எனக்கும் நடந்திருக்கும் என்றுதான் தோன்றியது. ஆனால் தோன்றுவதை அறிக்கையில் எழுத முடியாது. உடனே கைடு தரப்பில், பாதி பொய் என்றாகிவிட்டது, பொய்ப் புகாருக்கு நடவடிக்கை எடுங்கள் என்று கடிதம் வந்தது. நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று 14ஆவது பிரிவே சொல்கிறது, அந்த வரியைப் பதிலாக அனுப்பினோம்.

இதற்கு நடுவே மாணவியின் பெயர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வெளிவந்தது. ரகசியத்தை உடைத்தவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று விதியில் இருக்கிறது. யார் கசியவிட்டது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. இந்த அபராதத்தை யாரிடமும் வசூலித்து நான் பார்த்ததும் இல்லை.

பரிந்துரைகள் மூன்று: கைடு அங்கீகாரத்தை ரத்து செய்யும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுதுவது, ஊதிய உயர்வை நிறுத்துவது, மாணவர்களோடு களப்பயணத்துக்கு அனுப்பாமல் இருப்பது. முப்பது நாளில் செயல்பட வேண்டிய நிர்வாகம் இரண்டு மாதத்துக்குக் கிட்டே எடுத்துக்கொண்டது. கைடு அங்கீகாரம் ரத்தாகவில்லை, ஐந்து வருடம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஊதிய உயர்வு இரண்டு வெட்டு. களப்பயணத் தடை அப்படியே நின்றது. அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். இன்னும் அதே கல்லூரியில்தான் பாடம் எடுக்கிறார். மாணவி அந்த மாடிப்படியைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போகிறார்.

எங்களால் தீர்க்க முடியாத ஒன்று அந்தக் கட்டுரை. புகாருக்கு முன்பே ஒரு ஆய்விதழுக்கு அனுப்பியது, தொடர்பு ஆசிரியராகக் கைடின் பெயர். திருத்தம் கேட்டு ஆய்விதழ் அனுப்பும் மின்னஞ்சல் அவருக்குத்தான் போகும். கட்டுரையின் ஆசிரியர் உரிமை பற்றிப் புகார்க் குழு ஒன்றும் சொல்ல முடியாது, வேறு யார் சொல்ல வேண்டும் என்றும் அந்தக் கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை. மாணவி கடைசியில் அந்தக் கட்டுரையை விட்டுவிட்டார். எட்டு மாத வேலை. புதிய கைடோடு வேறு அத்தியாயத்திலிருந்து ஒன்றை எழுதத் தொடங்கினார்.

அடுத்த பிப்ரவரியில் விட்டுப்போன வடகடல் மாதிரியை எடுக்க மண்டபம் வந்தபோது எனக்கும் சொல்லி அனுப்பினார். போனேன். புதிய கைடு, இரண்டு தோழிகள், அதே வத்தை. வாடை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருந்தது. படகுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், பேசவில்லை. திரும்பி வந்து டீசல் நோட்டை எடுத்து எழுதும்போது, "அந்த 500 அட்வான்ச இதுல கழிச்சுக்கவா பிள்ளை?" என்று மாணவியிடம் கேட்டார்.

"கழிச்சுக்கங்க தாத்தா" என்றார் மாணவி. கையில் சதுரச் சட்டம், கால் வரை கடற்புல் ஒட்டியிருந்தது.